விலை யாருடைய விருப்பத்தை எண்ணுகிறது? வியன்னா நகர்மையம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023ஆம் ஆண்டில் வியன்னாவைப் பற்றி மூன்று செய்திகள் வந்தன. எகானமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் 173 நகரங்களை எடைபோட்டு வெளியிட்ட பட்டியலில், வாழ்வதற்கு மிகச் சிறந்த நகரம் என்ற முதலிடம் மறுபடியும் வியன்னாவுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் நகரின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. முதல் உலகப் போருக்கு முன்பு எட்டிப் பிறகு இழந்த அந்த எண்ணிக்கையைத் திரும்பத் தொட, நகரத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மூன்றாவது செய்தி: பத்தாண்டுக்கும் மேலாக ஏறிக்கொண்டே வந்த வீட்டு விலை அதே ஆண்டில் இறங்கியது.

வீட்டு விலைதான் ஓர் ஊருக்கு மக்கள் இடும் உண்மையான மதிப்பெண் என்று பலர் சொல்கிறார்கள். வாயால் எந்த ஊரையும் புகழலாம், பையைத் திறந்து பணம் கொடுக்கும்போதுதான் விருப்பம் வெளிப்படும் என்பது அவர்களுடைய வாதம். நகரின் நடுப்பகுதியில் ஒரு சதுர மீட்டர் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தாலே போதும், அந்த ஊரில் வாழ எத்தனை பேர் ஏங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும் என்பார்கள். இந்த வாதத்துக்கு வலு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2023இன் வியன்னாவை அது விளக்கவில்லை. புகழ் ஏறியது, குடியேறியவர் தொகை ஏறியது, விலை மட்டும் இறங்கியது.

இறங்கியதற்குக் காரணம் வியன்னாவுக்குள் இல்லை. யூரோ நாடுகளுக்கெல்லாம் வட்டியைத் தீர்மானிக்கும், ஃபிராங்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி, 2014இலிருந்து வைப்பு வட்டியைச் சுழியத்துக்கும் கீழே வைத்திருந்தது. 2022 ஜூலையில் வட்டியை உயர்த்தத் தொடங்கி, 2023 செப்டம்பருக்குள் 4 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் ஆஸ்திரியாவிலும் வீட்டுக்கடனுக்குக் கடுமையான விதி வந்து, 2025 ஜூன் வரை நீடித்தது: வாங்குபவர் 20 விழுக்காட்டைத் தம் கையிலிருந்து போட வேண்டும், மாதத் தவணை நிகர வருமானத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, கடன் 35 ஆண்டுக்குள் முடிய வேண்டும். முந்தைய ஆண்டில் வீடு வாங்க நினைத்த அதே குடும்பம், அதே ஊரை அதே அளவு விரும்பிக்கொண்டு, குறைந்த கடனோடு வங்கியிலிருந்து திரும்பியது. விலைப்பட்டியலில் பதிவானது அந்தக் குறைந்த கடன்தான்.

இந்த ஆய்வில் நான் காட்ட விரும்புவது இதுவே. விலை விருப்பத்தைத்தான் எண்ணுகிறது. ஆனால் அந்த ஆண்டு விற்பனைக்கு வந்த சில வீடுகளுக்காக, பணமோ கடனோ கையில் வைத்துக்கொண்டு போட்டியிட்ட சிலருடைய விருப்பம் மட்டுமே அந்தக் கணக்கில் ஏறுகிறது. மற்றவர்களின் விருப்பம் வேறு வடிவங்களில் நகரத்துக்குள்ளேயே கிடக்கிறது. வியன்னாவில் அந்த வடிவங்கள் எல்லாமே கண்ணுக்குத் தெரியும் என்பதால்தான் இந்த ஊரை எடுத்துக்கொண்டேன்.

முதலாம் வட்டாரம்

வியன்னா 23 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. புனித ஸ்டீபன் பேராலயத்தைச் சுற்றிய பழைய கோட்டை நகரம் முதலாம் வட்டாரம். பரப்பு ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர். 1857 டிசம்பரில் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் கோட்டை மதிலை இடிக்க ஆணையிட்டார். மதில் நின்ற வளையத்தில் அமைந்த ரிங்ஸ்ட்ராஸே என்னும் பெருவீதி 1865இல் திறக்கப்பட்டது. வங்கியாளர்களும் ஆலை முதலாளிகளும் அங்கே மாளிகைகள் கட்டினார்கள். தாங்கள் ஒரு தளத்தில் குடியிருந்து, மற்றத் தளங்களை வாடகைக்கு விட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் வட்டாரத்தில் 60,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இன்று வாழ்பவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். ஆஸ்திரியாவிலேயே மிக விலையுயர்ந்த குடியிருப்புகள் இன்றும் இங்கேதான் இருக்கின்றன. நகர்மையத்தின் விலையைப் படிக்கும் எவரும் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாழ்பவர்கள் முக்கால்வாசி குறைந்த ஓர் இடம், விலையில் உச்சியில் நிற்கிறது. குடும்பங்கள் போன இடத்தை வழக்கறிஞர் அலுவலகங்களும் ஓட்டல்களும் அமைச்சகங்களும் எப்போதாவது வந்து தங்கும் உரிமையாளர்களும் நிரப்பினார்கள். அங்கே சதுர மீட்டருக்காக அடித்துக்கொள்பவர்களில், அந்த ஊரில் அன்றாடம் பால் வாங்கிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வாழப்போகிறவர்கள் ஒரு பகுதிதான்.

புதிதாகக் கட்டவும் வழியில்லை. இந்த மையப்பகுதி 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் விளிம்பில் ஹாய்மார்க்ட் என்னும் இடத்தில் ஓர் உயர்ந்த கட்டடத்துக்குத் திட்டம் வந்ததும், 2017இல் யுனெஸ்கோ நகர்மையத்தை ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலுக்கு மாற்றியது. பெல்வெடேர் அரண்மனையிலிருந்து நகரைப் பார்க்கும் காட்சியை 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெலோட்டோ வரைந்திருக்கிறார். அந்தக் காட்சி கெடக் கூடாது என்பதே சர்ச்சையின் மையம். எனக்கும் அந்தக் காட்சி கெடக் கூடாது என்றுதான் படுகிறது. ஆனால் ஒரு வீடுகூடக் கூட்ட முடியாத இடத்தில், விருப்பம் சற்றே ஏறினாலும் முழுவதும் விலையாகவே மாறும். அதே அளவு விருப்பம், புது வீடு கட்ட இடமிருக்கும் புறநகரில் விலையாக மாறாமல் வீடுகளாக மாறிவிடும்.

வட்டி சுழியத்தை ஒட்டியிருந்த ஆண்டுகளில் இங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆம் ஹோஃப் சதுக்கத்தை ஒட்டி, ஆடம்பரக் கடைகளும் ஓட்டலும் மாளிகைக் குடியிருப்புகளும் கொண்ட 'தங்க வட்டாரம்' எழுந்தது. அதை எழுப்பிய ஸிக்னா குழுமம் 2023 நவம்பரில் நொடிப்பு அறிவித்தது. மலிவான கடன் வற்றியதும் நகர்மைய மனைகளின் கணக்கு எப்படி மாறும் என்பதற்கு, ஐரோப்பாவில் அதைவிடப் பெரிய சாட்சி அண்மையில் இல்லை.

விலையை வேறு வழியில் திருப்பிய நூறாண்டு

1910இல் வியன்னாவின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கு மேல். தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு சமையலறை, ஓர் அறை, தாழ்வாரத்தில் பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. வாடகை கட்ட முடியாத குடும்பங்கள் தங்கள் படுக்கையைச் சில மணிநேரத்துக்கு வேற்றாளுக்கு வாடகைக்கு விட்டன. இரவு வேலைக்காரர் பகலில் வந்து படுப்பார். இவர்களுக்கு 'பெட்கேயர்', அதாவது படுக்கைக்கு வருபவர் என்றே ஒரு பெயர் இருந்தது. விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் அன்றைய வியன்னா மிகவும் விரும்பப்பட்ட நகரம். அந்த வாடகைக்குள் இருந்தது என்ன என்பதை அந்தப் படுக்கைகள் சொல்கின்றன.

போர்முனைக்குப் போன வீரர்களின் குடும்பங்களை வீட்டுக்காரர்கள் தெருவில் நிறுத்தக் கூடாது என்று 1917இல் குடித்தனப் பாதுகாப்பு ஆணை வந்தது. போருக்குப் பின் பணவீக்கம் வெடித்தது. வாடகை நின்ற இடத்திலேயே நின்றது, பணம் மதிப்பிழந்தது, வாடகை ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆயிற்று. கட்டடம் கட்டினால் லாபமில்லை என்பதால் மனை விலையும் விழுந்தது. வீட்டுப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோதே மனை விலை அடிமட்டத்தில் இருந்தது. ஆட்சியில் இருந்த சமூக ஜனநாயகவாதிகள் அந்த மலிவான மனைகளை நகரத்துக்காக வாங்கினார்கள்.

1922இன் தொடக்கத்தில் வியன்னா தனி மாநிலமாயிற்று. வரி போடும் அதிகாரம் கைக்கு வந்தது. நிதிப் பொறுப்பில் இருந்த ஹியூகோ பிரைட்னர், 1923இல் வீட்டுவசதி வரியைக் கொண்டுவந்தார். சிறு வீட்டுக்குச் சிறு வரி, மாளிகைக்குப் பெரு வரி. மிக விலையுயர்ந்த அரை விழுக்காட்டுச் சொத்துகளிலிருந்து மட்டும் அந்த வரியில் ஏறத்தாழ 45 விழுக்காடு வந்தது. ரிங்ஸ்ட்ராஸே மாளிகைகள் தொழிலாளர் வீடுகளுக்குச் செங்கல் வாங்கிக் கொடுத்தன என்று சொன்னால் மிகையில்லை. 1934இல் ஆட்சி கவிழ்க்கப்படும் வரை 60,000க்கும் மேற்பட்ட வீடுகளை நகராட்சி கட்டியது.

அதன் பிறகு போர், அழிவு, மீள்கட்டமைப்பு. கிழக்கு ஐரோப்பாவைப் பிரித்த இரும்புத் திரையின் ஓரத்தில் ஒதுங்கிய நகரமாக வியன்னா 1980களில் 15 லட்சம் பேரோடு தேங்கி நின்றது. அந்தத் தேக்க காலத்தில்தான், 1984இல், மனைகளை முன்கூட்டியே வாங்கி இருப்பு வைக்க நகரம் ஒரு நிதியத்தை அமைத்தது. கூட்டம் வருவதற்கு முன்பே இடம் பிடித்து வைத்த அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். 1995இலிருந்து அந்த மனைகளில் கட்ட விரும்பும் நிறுவனங்கள் போட்டியில் வெல்ல வேண்டும். திட்டத்தின் தரம், செலவு, சுற்றுச்சூழல் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்வு நடக்கிறது. 2019இலிருந்து, புதிதாகக் குடியிருப்புக்கு மாற்றப்படும் பெரிய மனைகளில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும். அந்தப் பங்குக்கான மனைச் செலவு, கட்டப்படும் தளப்பரப்பில் சதுர மீட்டருக்கு 188 யூரோவைத் தாண்டக் கூடாது.

இன்று நகராட்சியிடம் ஏறத்தாழ 2,20,000 வீடுகள் இருக்கின்றன. வரம்புக்குட்பட்ட லாபத்தோடு இயங்கும் வீட்டு சங்கங்களிடம் இன்னும் ஏறத்தாழ 2,00,000 வீடுகள். நகரத்தில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றில்தான் வாழ்கிறார்கள். விற்பனை விலைப்பட்டியலில் இவர்கள் எவருமே இல்லை.

டோப்ளிங்கும் ஃபாவோரிட்டனும்

இடத்தின் ஈர்ப்பு வாடகையில் எவ்வளவு ஏறலாம் என்பதை ஆஸ்திரியச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முந்தைய பழைய வாடகைக் கட்டடங்கள் பெரும்பாலானவற்றுக்கு, 1994 முதல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அடிப்படை வாடகை உண்டு. 2023 ஏப்ரலில் வியன்னாவுக்கு அது சதுர மீட்டருக்கு 6.67 யூரோ. மலைப்பாங்கான சிறு மாநிலமான ஃபோரார்ல்பெர்க்குக்கு 10.25. ஸ்டைரியாவுக்கு 9.21. அந்த ஆண்டு உலகப் பட்டியலில் முதலிடம் பெற்ற தலைநகரத்துக்கு, பல மாநிலங்களைவிடக் குறைந்த எண். அந்தந்த மாநிலத்தின் மானிய வீடுகளுக்கு மனையும் கட்டுமானமும் எவ்வளவு செலவாயின என்பதிலிருந்து கணக்கிடப்பட்ட எண் அது. நகரம் மலிவாக மனை பிடித்து வைத்திருந்ததால் வியன்னாவின் எண் தாழ்ந்தது. ஒரு நிர்வாக முடிவு, பல்லாயிரம் பேரின் வாடகைச் சீட்டில் இலக்கமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த அடிப்படையின் மேல், நல்ல இடத்துக்கென்று வீட்டுக்காரர் 'இடமதிப்புக் கூடுதல்' கேட்கலாம். முதலாம் வட்டாரத்தில் அந்தக் கூடுதல் மட்டுமே அடிப்படை வாடகையை மிஞ்சிவிடும். நகர்மையத்தின் ஈர்ப்பைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது என்பதற்கு இது சான்று. நகராட்சி தன் சொந்த வீடுகளில் இந்தக் கூடுதலை வாங்குவதில்லை.

இதன் பொருளை அறியப் பத்தொன்பதாம் வட்டாரமான டோப்ளிங்குக்குப் போக வேண்டும். திராட்சைத் தோட்டங்களும் செல்வர் வீடுகளும் நிறைந்த பகுதி. அங்கே ஹைலிகென்ஸ்டாட் நிலையத்துக்கு எதிரே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது கார்ல் மார்க்ஸ் ஹோஃப். நகராட்சிக் கட்டடக் கலைஞர் கார்ல் ஏன் (Karl Ehn) என்பவர் வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்டது. முதலில் 1,382 வீடுகள் இருந்தன. பொதுச் சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே. 1934 பிப்ரவரி உள்நாட்டுப் போரில் ராணுவம் இதன் மீது பீரங்கி சுட்டது. இங்கே இன்று புதிதாக ஒப்பந்தம் எழுதும் குடித்தனக்காரர், தெற்கே பழைய செங்கல் சூளைப் பகுதியான ஃபாவோரிட்டனில் நகராட்சி வீடு எடுப்பவர் கொடுக்கும் அதே சதுர மீட்டர் வாடகையைத்தான் கொடுக்கிறார். தோட்டத்துக்கும் காற்றுக்கும் தனி விலை கிடையாது. டோப்ளிங்கைவிட ஃபாவோரிட்டனே மேல் என்று அவர்கள் நினைப்பதால் வந்த சமநிலை அல்ல இது. விருப்பத்தில் வேறுபாடு இருக்கிறது, அதை வாடகையில் காட்டுவதில்லை என்று ஒரு நகரம் முடிவெடுத்திருக்கிறது.

போக்குவரத்தும் இதே திசையில் வேலை செய்கிறது. 2012இல் ஆண்டு முழுவதற்குமான பயணச்சீட்டு 365 யூரோ ஆயிற்று. பல ஆண்டுகள் அந்த விலையே நின்றது. கிழக்கு ஓரத்தில் பழைய விமானத் தளத்தில் எழுந்த சீஸ்டாட் ஆஸ்பெர்னுக்கு, முதல் குடும்பங்கள் வந்து சேர்வதற்கு முன்பே, 2013இல் சுரங்க ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது. பேராலயத்துக்கு அரைமணி நேரத்தில் வந்துவிட முடியும் என்றால், பேராலயத்தின் நிழலில் குடியிருக்க எல்லாரும் முண்டியடிக்க வேண்டியதில்லை.

வரிசையில் நிற்கும் விருப்பம்

விலை ஏறவில்லை என்பதற்காக விருப்பம் மறைந்துவிடுவதில்லை. அது வரிசையாக மாறுகிறது. வியன்னாவின் முறையைப் புகழ்பவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவதைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு.

நகராட்சி வீட்டுக்கான வருமான வரம்பு உயர்வானது. நகரவாசிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அதற்குள் அடங்குவார்கள். உள்ளே போனபின் வருமானம் பெருகினாலும் வெளியேற்றமாட்டார்கள். ஆனால் விண்ணப்பிக்க, வியன்னாவில் ஒரே முகவரியில் இரண்டு ஆண்டு பதிவு இருக்க வேண்டும் என்பது நீண்டநாள் இருந்துவந்த விதி. இன்றைய வியன்னாவாசிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். புதிதாக வந்து இறங்கும் செவிலியரோ மாணவரோ தனியார் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் காலவரம்போடு வரும். பல ஆண்டுகளாக மூன்று ஆண்டே குறைந்தபட்ச வரம்பாக இருந்தது. முடிந்ததும் புது வீடு, புது முகவரி. முகவரி மாறிக்கொண்டே இருப்பவருக்கு 'ஒரே முகவரியில் இரண்டு ஆண்டு' என்ற விதி எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழைய ஒப்பந்தங்களோ வாரிசு உரிமையோடு தொடர்கின்றன. கூடவே வாழ்ந்த மனைவிக்கும் பிள்ளைக்கும் குடித்தனம் கைமாறும். முதலாம் வட்டாரத்தின் ஒரே படிக்கட்டில், தாத்தா காலத்து ஒப்பந்தத்தோடு சொற்ப வாடகை கொடுப்பவரும், எதிர்க் கதவில் அதைப்போலப் பல மடங்கு கொடுப்பவரும் வாழ முடியும். வியன்னாக்காரர்கள் அந்தப் பழைய வாடகையை 'ஃபிரீடன்ஸ்சின்ஸ்', அதாவது அமைதிக்கால வாடகை என்பார்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய அமைதி என்று பொருள். வீட்டைக் காலி செய்பவர், பழைய அலமாரிக்கும் அடுப்புக்கும் என்று சொல்லி அடுத்து வருபவரிடம் பெரும் தொகை வாங்குவதும் இங்கே பழகிய வழக்கம். அலமாரியின் விலை அவ்வளவு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். வாடகையில் ஏற முடியாத ஈர்ப்பு அங்கே போய் ஏறிக்கொள்கிறது.

ஆக, வியன்னாவின் ஈர்ப்பை அளக்க விரும்புபவர் விற்பனை விலை, காத்திருப்பு ஆண்டுகள், அலமாரிக்குக் கொடுத்த தொகை, புதியவரின் காலவரம்பு ஒப்பந்தம் ஆகிய நான்கையும் கூட்ட வேண்டும். முதலாவது மட்டும்தான் பத்திரிகையில் வருகிறது.

விலை உண்மை பேசும் இடம்

எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டும். ஒரே நகரத்துக்குள், ஒரே சட்டத்தின் கீழ், ஒரே ஆண்டில் விற்கும் இரண்டு வீடுகளை ஒப்பிட்டால் விலை நல்ல சாட்சி. முதலாம் வட்டாரத்து வீடு, பதினொன்றாம் வட்டாரமான ஸிம்மரிங்கில் இருக்கும் அதே அளவு வீட்டைவிடப் பல மடங்கு விலை போகிறது என்றால், வாங்கும் சக்தி உள்ளவர்கள் எதை விரும்புகிறார்கள் என்பதில் ஐயம் இல்லை. சட்டமும் வட்டியும் மனை இருப்பும் வேறாக இருக்கும் இரண்டு நகரங்களை ஒப்பிடும்போதுதான் அந்தச் சாட்சியம் குழம்புகிறது. ம்யூனிக்கில் வீட்டு விலை வியன்னாவைவிட வெகுவாக அதிகம். அந்த வேறுபாட்டுக்குள் ம்யூனிக்கின் சம்பளமும் இருக்கிறது, வியன்னாவின் மானிய வீடுகளும் இருக்கின்றன, அழகோ அமைதியோ எத்தனை பங்கு என்று பிரித்தெடுக்க முடியாது.

டெட்ராய்ட் இன்னொரு எல்லை. 1950இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் 2020இல் 6,39,111 பேரே இருந்தார்கள். கட்டிய வீடு எளிதில் மறையாது, ஆள் போனால் விலை கட்டுமானச் செலவுக்கும் கீழே விழும். பதிற்றாண்டுகளாக அப்படி விழுந்து கிடந்த விலை, அந்த நகரத்தின் துயரத்தை உள்ளபடியே சொன்னது. ஆனால் அங்கேயும் 2013இல் நகராட்சி திவாலானதற்குப் பின் நகர்மையத்தில் மட்டும் வாடகை ஏறியது. மற்றத் தெருக்களிலிருந்து குடும்பங்கள் வெளியேறிக்கொண்டுதான் இருந்தன.

எகானமிஸ்ட் பட்டியலையும் நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு ஆகிய ஐந்தை அது அளக்கிறது. வீட்டு வாடகை அதன் கணக்கில் இல்லை. விலையைப் போலவே அதுவும் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் பேராலயத்திலிருந்து வடக்கே, இருபதாம் வட்டாரத்தில் இருக்கிறது. நோர்ட்வெஸ்ட்பான்ஹோஃப் என்னும் பழைய சரக்கு ரயில் முற்றம், 44 ஹெக்டேர். நகர்மையத்துக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு பெரிய வெற்றிடம் வேறு இல்லை. ஏறத்தாழ 6,500 வீடுகளுக்குத் திட்டம் இருக்கிறது, அவற்றில் பெரும்பகுதி மானிய வீடுகள். அங்கே வீடு ஒதுக்கத் தொடங்கும் நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை விண்ணப்பம் வந்தது, விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாண்டுக்குள் இந்த ஊருக்கு வந்தவர்கள் என்ற இரண்டு எண்களைத்தான் நான் முதலில் தேடுவேன்.